தெற்கு தப்பிய பருவம்

பறவை ஆராய்ச்சிக்கூடத்தில் அக்காவுக்கு ஆய்வாளர் வேலை. தங்கைக்குக் கூண்டு கழுவித் தீனி வைக்கும் வேலை. அக்கா சொல்லித்தான் தங்கையைச் சேர்த்திருந்தார்கள்.

பறவைகள் இடம்பெயரும் வலசைக் காலம் வந்துவிட்டால் கூண்டில் இருக்கும் பறவைக்கும் இருப்புக் கொள்ளாது. ஜன்னலில்லாத மர அறையில், உள்பக்கம் தாள் ஒட்டிய புனலுக்குள் விட்டால், போக நினைக்கும் திசையிலேயே தாவித் தாவித் தாளைக் கீறும். சூரியனோ நட்சத்திரமோ தெரியாவிட்டாலும் பூமியின் காந்தம் அதற்கு வழிகாட்டும். வருடா வருடம் கீறல்கள் தெற்கே விழுந்தன. இந்த வருடம் எட்டுத் திசையிலும் விழுந்தன.

"தீனிய மாத்தினியா?" அக்கா கேட்டாள்.

"இல்லக்கா."

"அதுங்க தூங்குற நேரத்துல கூண்டத் தொட்டியா?"

"நான் ஏன்க்கா தொடப்போறேன்?"

இயக்குநர் எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டபோது அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பராமரிப்பு சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டாள். கதவோரம் நின்ற தங்கை கையிலிருந்த தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அன்றோடு வேலையை விட்டுவிட்டாள்.

புது ஆள் வந்தும் கீறல்கள் மாறவில்லை. ஒருநாள் கட்டடம் முழுக்க மின்சாரம் போனது. அன்று எடுத்த தாள்களில் கீறல்கள் ஒழுங்காகத் தெற்கே இருந்தன. மின்சாரம் வந்ததும் மறுபடி தாறுமாறு. அக்கா பக்கத்து அறைகளில் போய்ப் பார்த்தாள். ஓர் அறையில் புதிதாக வைத்த இயந்திரங்களின், காதுக்குக் கேட்காத மின்காந்த இரைச்சல்தான் பறவைகளைக் குழப்பியிருக்கிறது. அதைத் தடுக்கச் சுவரெங்கும் அலுமினியத் தகடு அடித்தார்கள், சரியாயிற்று.

தங்கை ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அங்கே போய் நடந்ததைச் சொன்னாள்.

"தப்பு என்மேலதான். இயக்குநர்கிட்டயும் சொல்லிட்டேன். கெளம்பு, மறுபடி வேலைக்குப் போலாம்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"அன்னைக்கு எனக்குத் தெரியாதேடி!"

"கரண்ட் விஷயம் தெரியாது. என்னைத் தெரியும்ல?"

தங்கை அடுத்த சட்டையை விரித்தாள்.

"கண்ணு வீங்கியிருந்துச்சே ஒரு பறவ, அது தேறிடுச்சா?"

"செத்துப்போச்சு."

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் வேலைக்குத் திரும்பவில்லை. அந்த வாரமே மற்ற பறவைகளைத் திறந்துவிட்டார்கள். அக்காவே கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்றுவிடவில்லை. அம்மாவின் மாத்திரை, தீர்ந்துபோன சிலிண்டர், குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது. அவ்வளவோடு சரி.