நாற்பது நிமிஷம் முந்திய கடிகாரம்

நகராட்சித் தலைமை எழுத்தருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் 'மேலிடம்'. யார் என்ன குறையோடு வந்து நின்றாலும், "மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பொய்யில்லை, உண்மையிலேயே எழுதியிருப்பார். அப்போதெல்லாம் ஊருக்குள் ஓர் ஆணி அடிக்கவேண்டும் என்றாலும் தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்தாகவேண்டும்.

அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. 'அமைச்சகத்தின் சொத்து, தொடக் கூடாது' என்று அதன் நெற்றியிலேயே ஒரு தகடு. அது நாற்பது நிமிஷம் முந்தி ஓடியது. ஊழியர்கள் காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்து வருவார்கள், சாயங்காலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புவார்கள். ஐந்து மணிக்கு மூடவேண்டிய கவுண்டர் நாலு இருபதுக்கே மூடிவிடும். மேலிடம் நேரே வீட்டுக்குப் போய், அடுப்பில் இருக்கும் பாத்திரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். அவர் மனைவிக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கடிகாரத்தைத் திருத்த அனுமதி கேட்டு ஒன்பது வருஷத்தில் முப்பத்தொரு கடிதம் போட்டிருந்தார். ஒன்றில்கூட 'அவசரம்' என்று எழுதியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. உள்ளூர்க் காரியங்களை இனிமேல் உள்ளூர் மன்றமே முடிவு செய்துகொள்ளலாம், யாரையும் கேட்கவேண்டாம். சுற்றறிக்கையை மூன்று தரம் படித்த மேலிடம், 'அனுமதி பெற்று' என்று எங்காவது இருக்கிறதா என்று நாலாம் தரமும் தேடினார்.

நகராட்சித் தலைவி முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நேரம் தவறினால் அவருக்குத் தூக்கம் வராது. மன்றம் கூடியதும் முதல் வேலையாகக் கடிகாரத்தை எடுத்தார். மேலிடம் எழுந்து நின்றார்.

"சட்டம் வந்தது சரிதாம்மா. ஆனா அந்தச் சட்டத்த நாம பயன்படுத்தலாமான்னு மேலிடத்துக்கு ஒரு வார்த்த எழுதிக் கேட்டுக்கிட்டா நல்லதில்லையா?"

தாங்களே முடிவெடுக்கவேண்டுமே என்று பயந்திருந்த உறுப்பினர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முடிதிருத்தும் கடை வைத்திருந்த உறுப்பினர், இந்த வருஷம் இருபது நிமிஷம், அடுத்த வருஷம் இருபது நிமிஷம் என்று குறைத்தால் யாருக்கும் வலிக்காது என்றார். கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால், ஏற்கெனவே முடிந்துபோன நாற்பது நிமிஷத்தில் போட்ட கையெழுத்துகள் செல்லுமா என்று இன்னொருவர் கேட்டார். ஒரே ஒரு கடிதத்துக்குத் தலைவி ஒப்புக்கொண்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது: 'அனுமதி தேவையில்லை.' அனுமதி தேவையில்லை என்று சொல்ல அனுமதி கொடுத்தவர் யார் என்று விசாரித்து மேலிடம் இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தார். தலைவி அவர் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"நல்லாப் பிடிச்சுக்குங்க சார். உங்க வாட்ச்சுல மணி என்ன?"

சுவரில் இரண்டே முக்கால். மேலிடம் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சுவரில் இருப்பதையே சொல்லிவிட்டால் கதை முடிந்தது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அலுவலகமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்த்த உத்தியோகத்தில் அவராக முடிவெடுக்கவேண்டிய விஷயம் இதுவரை ஒன்றுகூட வந்ததில்லை.

"ரெண்டு அஞ்சும்மா" என்றார். தலைவி முள்ளைப் பின்னால் திருப்பினார்.

அன்று நாலரைக்கு ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். கடை வாசலில் இன்னும் சாக்கடை வழிகிறதாம். மேலிடம் "மேல..." என்று ஆரம்பித்தார். உள்ளே தலைவி இருமினார். வேறு வழியில்லாமல் கடைக்காரரோடு நடந்தார். போய்ப் பார்த்தால் ஒரு பழைய செருப்பு அடைத்துக்கொண்டிருந்தது. குச்சியால் நெம்பினார், தண்ணீர் ஓடியது. இதற்காக ஏழு கடிதம் எழுதியிருந்தோமே என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றுக் காலோடு வீடு போய்ச் சேர ஆறு மணி. அதற்குள் சமையலை நிம்மதியாக முடித்திருந்த மனைவி, "இனிமே தெனமும் இப்படியே வாங்க" என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தலைநகரத்திலிருந்து போன் வந்தது. அமைச்சகத்தின் மூத்த அதிகாரி குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், உங்க கடிகாரத்த எப்படி சரி பண்ணீங்க? எங்க சுவத்துலயும் அதே கம்பெனி கடிகாரந்தான். அதே நாப்பது நிமிஷம்."

"அனுமதி வாங்கித் திருத்த வேண்டியதுதானே சார்?"

"யார்கிட்ட வாங்குறது? எங்களுக்கு மேல யாருமே இல்லையே."

மேலிடத்துக்கு அவர்மேல் இரக்கம் பிறந்தது. மனுவாக எழுதி அனுப்பச் சொன்னார். மனு மூன்றே நாளில் வந்தது. மன்றம் கூடி, அமைச்சகம் தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டு, முத்திரை குத்தி அனுப்பியது.

அடுத்த வாரம் நன்றிக் கடிதம் வந்தது. அதோடு, அமைச்சகத்து லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்பதில்லை என்று இன்னொரு மனு. மேலிடம் அதற்குப் புதிதாக ஒரு ஃபைல் போட்டார்.