கல்குவாரிப் பள்ளியின் எண்பது வாய்கள்

ஆற்றின் இரு கரைகளிலும் ஏழு வயதுப் பிள்ளைகளின் பற்களை ஒப்பிட்டு அறிக்கை எழுதும் வேலை பல் டாக்டரம்மாவிடம் வந்தது. இக்கரையில் பல் வலித்தால் பெற்றோர்தான் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். அக்கரை நிர்வாகம் வேறு. அங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை பல் வைத்திய வண்டி பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிடும்.

நான்கு மாதம் கண்ணாடியும் டார்ச்சுமாக அலைந்தார். அக்கரையில் பத்துப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சொத்தை. இக்கரையில் ஆறு பேருக்கு. இக்கரையில் குவாரித் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் கல்குவாரிப் பள்ளியில் ஒரு சிறுமியின் கன்னம் வீங்கியிருந்தது. "எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டார்.

"வலிக்காத நாள் எதுன்னு கேளுங்க."

டாக்டரம்மா அதை அப்படியே பட்டியலில் எழுதிக்கொண்டார்.

அறிக்கையைப் படித்த சுகாதாரத் துறை இயக்குநரின் முகம் சுண்டிப்போனது.

"கல்குவாரிப் பள்ளியை எடுத்துடுங்கம்மா. அந்தப் பிள்ளைங்க பல்லே தேய்க்கிறதில்ல. நம்ம மானம்தான் போகுது."

"அக்கரையிலயும் கல்குவாரி இருக்கு சார். பிள்ளைங்க தேய்க்கிற லட்சணமும் இதேதான். வண்டி மட்டும்தான் வேற."

"உங்க வேலைக்கு நீங்களே உலை வைக்காதீங்க."

"அந்தப் பள்ளியில எண்பது வாயைத் திறந்து பார்த்தவ நான். பார்க்கலன்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

சுகாதாரக் குழுக் கூட்டத்தில் இயக்குநர் வெட்டிக் குறைத்த அறிக்கையை வாசித்தார். "பெரிய வித்தியாசம் ஒண்ணுமில்ல" என்று முடித்தார். கடைசி வரிசையிலிருந்து டாக்டரம்மா எழுந்தார்.

"உட்காருங்க" என்று அதட்டினார் இயக்குநர்.

அவர் உட்காரவில்லை. கல்குவாரிப் பள்ளிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கத் தொடங்கினார். "நாலு சொத்தை. ரெண்டு சொத்தை, ஒண்ணுல சீழ். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. அடுத்தது, அஞ்சு..."

முப்பதாவது பிள்ளைக்கு வந்தபோது குழுத் தலைவர் கையை உயர்த்தினார். "போதும்மா, புரிஞ்சுது."

"இன்னும் ஐம்பது பேர் இருக்காங்க சார்."

வாசித்து வாசித்து டாக்டரம்மாவின் குரல் கம்மிவிட்டது. அப்படியும் எண்பதையும் வாசித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. கல்குவாரிப் பள்ளிக்கு மட்டும் பல் வண்டி அனுப்பக் குழு உத்தரவிட்டிருந்தது. டாக்டரம்மாவை எங்கோ ஒரு மூலையில் இருந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார் இயக்குநர்.

டாக்டரம்மா மேஜையை ஒழிப்பதற்கு முன் குழுவுக்கு ஒரு பதில் எழுதினார். "நன்றி. இக்கரையில் நான் பார்த்த மற்ற பதினெட்டுப் பள்ளிகளுக்கு வண்டி எப்போது?" கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகவே போட்டு, இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்பினார்.