செங்கல் நிறம்

தடய அறிவியல் ஆய்வகத்தில் என் மேசைமேல் உறையை வைத்த மைத்துனன் போகாமல் நின்றான். காவலர் சீருடையில் வந்தால் என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். அன்று கூப்பிடவில்லை.

"மாமா, அவன்தான். அக்காவ வண்டில இடிச்சுக் கொன்னுட்டு நிக்காம போனவன்."

சாட்சி இல்லை என்று அந்த வழக்கில் தப்பியவன். இப்போது வெள்ளைப் பொட்டலங்களோடு பிடிபட்டிருக்கிறான். ஹெராயின் என்றால் பல வருடம் உள்ளே. விதிப்படி உறையை வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

பீங்கான் தட்டின் ஒரு குழியில் அவன் பொடி. பக்கத்துக் குழியில், ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் இருக்கும் அசல் ஹெராயின். ஃபார்மலின் கலந்த கந்தக அமிலத்தைச் சொட்டினேன். அசல் உடனே ஊதாவானது. அவன் பொடி மாறவில்லை. அடுத்த பொட்டலம். அதற்கடுத்தது. ஊதா வரவே இல்லை.

"என்ன மாமா, கல்லு மாதிரி உக்காந்திருக்கு?"

"சரக்கு இல்லடா."

"அதான் பக்கத்துக் குழியிலயே இருக்கே. ஒரு சிட்டிகை அள்ளிப் போடுங்க. யாருக்குத் தெரியும்?"

"மறுசோதனைல மாட்டினா அவன் வெளிய, நான் உள்ள."

"அப்போ அக்கா?"

அவள் போனுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன்.

'போதைப்பொருள் இல்லை' என்று எழுதினால் எங்கள் வேலை முடிந்தது. பொடி என்னவென்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தேன். தண்ணீரில் கரைத்து, சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் நீல பெனடிக்ட் கரைசலை ஊற்றி, கொதிநீரில் வைத்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. கருவியும் அதையே சொன்னது: குளுக்கோஸ்.

அறிக்கையில் எழுதினேன். நீதிமன்றத்தில் யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னேன்.

"காய்ச்சல்காரனுக்குக் கரைச்சுக் குடுக்குற குளுக்கோஸ். எல்லாப் பொட்டலமும்."

சிரிப்பு எழுந்தது. கூண்டில் நின்றவனும் சிரித்தான். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தான். ஹெராயின் என்று நம்பி அவனிடம் மொத்தமாகச் சரக்கு வாங்கும் இருவர் அங்கே இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் வருவார்கள் என்று மைத்துனன் முன்பே சொல்லியிருந்தான்.

விடுதலையானவன் வராந்தாவில் என் பின்னால் ஓடிவந்தான். முகம் வெளிறியிருந்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"சார், தப்பா வந்திருக்கும் சார். ஒரிஜினல் சரக்கு சார் அது. இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்க சார்."

"மூணு தடவை பண்ணியாச்சு."

"என்னை உள்ளயே வெச்சிருக்கச் சொல்லுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

படிக்கட்டின் கீழே இருவரும் நின்றிருந்தார்கள். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

"போங்க. காத்திருக்காங்க."