பத்தாவது பெயர்

கூரைத் தகரங்களைத் தலையில் சுமந்து பெண்கள் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், ஏரிக்கரை வெயில் அவற்றில் பட்டுக் கித்தேரியானுக்குக் கண் கூசுகிறது, தூத்துக்குடி வீட்டு மாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும் கூசத்தான் செய்கிறது, ஆப்பிரிக்காவின் மலாவியை விட்டு வந்து ஆறு வருடமாகிறது, அங்கே ஏரியோரத்துப் பெண்களுக்குக் குழுக்கடன் கொடுக்கும் நிறுவனத்தில் அவனுக்கு வேலை, பத்துப் பேர் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கட்டவேண்டும், இல்லையென்றால் யாருக்கும் அடுத்த கடன் கிடையாது, மரத்தடியில் நின்று சிரித்தபடி அந்த விதியை விளக்கியவன் அவன்தான், எஸ்னாத் அப்போது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினாள், நெத்திலி மாதிரி சின்ன ஏரி மீனைக் காயவைத்து விற்கிறவள், கடன் வாங்கி மீன் காயப்போடப் பந்தல் போட்டாள், இரண்டே வருடத்தில் வீட்டுக்கூரைப் புல்லை எடுத்துவிட்டுத் தகரம் போட்டாள், அந்த மழைக்காலம் மட்டும் வெயிலே வரவில்லை, மீன் முழுக்கப் பந்தலிலேயே புழுத்துப்போனது, ஒரு மாசம் பொறுங்க சார், வெயில் வந்திரும் என்றாள், தவணையைத் தள்ளிவைக்க அவன் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும், மேலதிகாரி முகம் சுளிப்பாரே என்று, விதியை நான் மாத்த முடியாதும்மா என்றான், கூரைத் தகரத்தக் கழட்டி வித்துக் கட்டட்டுமா சார் என்று கேட்டாள் குழுத் தலைவி டியாமிக்கே, எஸ்னாத்தோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஆணி ஒவ்வொன்றாகப் பிடுங்குகிற சத்தம், எஸ்னாத் அழவில்லை, பாத்து இறக்குங்கடி, கையக் கிழிச்சிரும் என்று கீழே நின்று சொன்னாள்.

மறுநாள் அவளைக் காணவில்லை, படகேறி எதிர்க்கரைக்குப் போனாள் என்றார்கள், அந்தப் படகு கரைசேரவே இல்லை என்றும் சொன்னார்கள், அடுத்த கடன் எழுத அவன் போனபோது ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது, பத்துப் பேர் வேணுமே என்றான், பத்துப் பேர்தான் சார், அவ பேரையும் எழுதுங்க, அவ பங்கையும் நாங்களே கட்டிடுறோம் என்றாள் டியாமிக்கே, அந்தப் பணத்தை வாங்கி என்ன செய்வீங்க என்று கேட்டான், தகரம் வாங்கி அவ வீட்டுமேல போடுவோம், வந்தா எங்க சார் படுப்பா, அவள் பெயரை எழுதுவது பொய்யென்று அவனுக்குத் தெரியும், மேலதிகாரிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்றும் தெரியும், முன்பு போடாத கையெழுத்தை அன்றைக்குப் போட்டான்.

அதன்பின் வாராவாரம் பெயர் வாசிப்பான், பத்தாவது பெயருக்கு வரும்போது எஸ்னாத் என்பான், இருக்கா சார் என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்வார்கள், அவன் ஏட்டிலிருந்து நிமிரவே மாட்டான், குரல் ஒன்பதா பத்தா என்று ஒருநாளும் எண்ணியதில்லை.