வலியகை வீட்டு மோதிரம்

மட்டாஞ்சேரியில் எங்களை வலியகை வீட்டார் என்பார்கள். பாட்டனாரின் கை அத்தனை பெரியது. அவருடைய மோதிரம் பிறகு யாருக்கும் பொருந்தவில்லை. நூல் சுற்றித்தான் போட்டுக்கொண்டோம். என் தம்பி ரஃபிக்கு மட்டும் நாற்பதைத் தாண்டியதும் நூல் வேண்டியிருக்கவில்லை. பிறகு மோதிரம் கழலவே இல்லை. தாடையும் பாட்டனாரைப் போல முன்னே வந்தது. எங்கள் மிளகுக் கடைக்கு வருபவர்களிடம் அவன் கையைக் காட்டி, பாட்டனார் திரும்பி வந்திருக்கிறார் என்பேன்.

அவன் மனைவி ஜுமைலாதான், செருப்பு அளவு கூடிக்கொண்டே போவதைப் பார்த்து அவனை எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போனாள். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, அதனால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது என்றார் டாக்டர். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறியிருந்தன. தள்ளிப்போட்டால் பக்கவாதம் வரக்கூடும், மூக்கு வழியாகக் கட்டியை எடுத்துவிடலாம் என்றாராம்.

அவர்கள் மகள் ஹிஸானாவின் நிக்காஹ் முடியட்டும் என்றேன். தலைக்குள் நோய் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் நிற்காது. ரஃபி என் சொல்லைத் தட்டாதவன்.

இடப்பள்ளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். சாயா குடித்துக்கொண்டிருந்த ரஃபியின் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சற்று நேரத்தில் தானாகவே சரியாயிற்று.

"சாரமில்லண்ணே, ஒண்ணுமில்ல, கை கொஞ்சம் மரத்துப்போச்சு" என்று சிரிக்கப் பார்த்தான்.

எனக்கு எதிரே நின்று பேசியறியாத ஜுமைலா, வந்தவர்கள் முன்னிலையில் கேட்டாள்: "மச்சான், உங்க பாட்டனார் எப்படி மௌத்தானார்?"

ஐம்பது வயதில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சில்லாமல் கிடந்து இறந்தார். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் எழுந்து நின்று, தம்பிக்கு இருக்கும் நோயை ஒன்றுவிடாமல் சொன்னேன். பெண் வேண்டாமென்றால் எங்களுக்கு வருத்தமில்லை என்றேன்.

மாப்பிள்ளையின் வாப்பா சாவியை எடுத்தார். "அது பெறகு பேசலாம். வண்டி வாசல்லதான் நிக்குது, ஏறுங்க."

ஸ்கேனுக்கு மோதிரத்தை அறுத்தாக வேண்டியிருந்தது. பழைய பொன்னாயிற்றே என்று நர்ஸ் தயங்கினாள். அறுக்கச் சொன்னேன்.

கட்டியை எடுத்த பின் அவன் கை வீக்கம் மெல்ல வடிந்தது. நிக்காஹுக்காக மோதிரத்தைப் பழைய அளவிலேயே ஒட்டி வாங்கினேன். அவன் விரலில் போட்டதும் அது சுழன்றது.

ஜுமைலா நூல்கண்டை எடுத்து வந்தாள்.