அப்பாவிடம் கொடுத்த சாவி

சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள் அவள். சாவி அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். தேடுவதுபோல் இருந்தால் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

கூடத்தில் வங்கியின் கடன் பிரிவு அதிகாரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். துக்க முகத்தோடுதான் வந்தார். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்ததும் அந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டார். வங்கியின் பணம் வைக்கும் அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று காசாளரிடம், மற்றது அவளிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இரண்டும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது. அதனால்தான் காசாளர் வராமல் இவர் வந்திருக்கிறார். யாரும் யாரையும் நம்பத் தேவையில்லாத இடம் அது. இத்தனை வருடமும் அந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"மேடம், அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. பென்ஷன் வாங்க வந்தவங்க படியிலேயே உக்காந்துட்டாங்க."

"இதோ எடுத்துட்டு வர்றேன்."

சாவி உள்ளறையில் இருந்தது. விடியற்காலையில் செத்துப்போன அப்பாவின் சட்டைப் பையில்.

அப்பா ஒரு கிடங்கில் காவல்காரராக இருந்தவர். அம்மா போன பிறகு, வேலைக்குக் கிளம்பும்போது அவளையும் தம்பியையும் பின்னறையில் தள்ளிப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். சில நாள் காலையில் வருவார். சில நாள் வரவே மாட்டார். கதவைத் தட்டிக் கத்தியது அக்கம்பக்கத்தில் கேட்டதென்று தெரிந்தால், கதவைத் திறந்த கையோடு அவர் இடுப்பு வார் பேசும். இருட்டில் தம்பி அழாமல் இருக்க அவள் கதை சொல்வாள். முடித்தால் அழுவான் என்று முடிக்கவே மாட்டாள். அவள் எழுதும் புத்தகங்கள் செங்கல் கனத்தில் இருப்பதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்று இன்றைக்கும் தம்பி கேலி செய்வான். அவன் ஒன்றையும் படித்ததில்லை.

அப்பாவுக்கு ஞாபகம் தப்பியபோது தம்பி மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவள் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். பாசம் என்றார்கள் சொந்தக்காரர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்வது அவர்களுக்குப் புதிதில்லை. மாட்டேன் என்று அந்த மனிதரிடம் சொல்ல அவளுக்குப் பயம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பெற்ற பிள்ளைகளையே மறந்த அப்பா சாவியை மறக்கவில்லை. சாயங்காலம் ஆனால் "சாவி எங்க?" என்று ஆரம்பிப்பார். கொடுக்காவிட்டால் கதவை உடைப்பதுபோல் தட்டுவார். கையில் கிடைத்ததை எறிவார். கொடுத்தால் பையில் போட்டு, மேலே கையை வைத்து, அப்படியே தூங்கிவிடுவார். அதற்குப் பிறகு கிடைக்கும் அமைதியில்தான் அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்காருவாள். வங்கி வேலையையும் வைத்துக்கொண்டு எப்படி எழுதுகிறீர்கள் என்று வாசகர்கள் கேட்டால் சிரித்து வைப்பாள்.

வீட்டுச் சாவிகளை மட்டும் கொடுத்துப் பார்த்தாள். அவர் கொத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "ஒண்ணு குறையுது" என்றார். அன்றிலிருந்து வங்கிச் சாவியும் கொத்தோடு போயிற்று. காலையில் அவர் குளிக்கப் போகும்போது கழற்றிப்போட்ட சட்டையிலிருந்து எடுத்துக்கொள்வாள். அவர் உடம்பில் சட்டை இருக்கும்போது அதில் கை வைத்ததே இல்லை.

இது வெளியில் தெரிந்தால் வேலை போகும், ஓய்வூதியமும் போகும். தலைமை அலுவலகத்தில் மாற்றுச் சாவி இருக்கிறது. அதைக் கேட்டால், உன்னுடையது எங்கே என்ற கேள்வியும் கூடவே வரும்.

பின்வாசலுக்குப் போனாள். லாரியை விட்டு இறங்கி நேராக வந்திருந்த தம்பி அங்கேயே நின்றிருந்தான். இன்னும் அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். தூங்குவதுபோல் படுத்திருந்து, யார் சாவிக்குக் கை நீட்டுகிறார்கள் என்று பார்ப்பது அப்பாவின் வித்தை. சின்ன வயதில் ஒரு தடவை நீட்டினான். அந்த மணிக்கட்டு இன்றும் கோணல்தான்.

"நான் உள்ள வரமாட்டேன்க்கா."

முன்னமே வந்து அங்கே நின்றிருந்த தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்தவரு எழுந்து அடிக்கவா போறாரு?"

"அவரை உனக்குத் தெரியாது."

"நல்லா இருக்கு."

"அப்ப நீ போய் எடேன்."

அடுப்பில் பால் இருக்கிறதென்று தம்பி மனைவி உள்ளே போய்விட்டாள். வேலை போனால் போகட்டும், எழுதிக்கொண்டு உட்கார் என்றான் தம்பி. எழுத்தா சோறு போடும் என்று கேட்டாள் அக்கா. ஆனாலும் அவன் அவள் பின்னாலேயே அறை வாசல் வரைக்கும் வந்தான்.

டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லியிருந்தார். அவர் இந்தத் தூக்கத்தைப் பார்த்து வளர்ந்தவரில்லை. அவள் போர்வையை விலக்கினாள். அப்பாவின் கை சட்டைப் பையின் மேல்தான் இருந்தது. கண் சரியாக மூடவில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஏறுவதுபோல்தான் இருந்தது.

"அப்பா, சாவி எடுத்துக்கிறேன்."

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். வாசலில் தம்பியும் மூச்சுவிடாமல் நின்றான். விரல்களைத் தூக்கினாள். விரல்கள் மட்டும் வரவில்லை, முழங்கை வரை மரக்கட்டைபோல் சேர்ந்து எழுந்தது. அந்தக் கை தன் முகத்துக்கு நேராக நிற்க, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வேறொன்றும் நடக்கவில்லை. பைக்குள் இரண்டு விரலை விட்டுக் கொத்தை எடுத்தாள். வங்கிச் சாவியைக் கழற்றினாள். கொத்தைத் திரும்பப் பைக்குள் போட்டு, கையைப் பழையபடி அதன் மேல் வைத்துப் போர்த்தினாள்.

கூடத்தில் அதிகாரி எழுந்து நின்று சாவியை வாங்கினார். ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கினார். பிறகு சாவியை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார்.

"சூடா இருக்கே மேடம். ரொம்ப நேரமா கையிலயே வச்சிருந்தீங்களா?"

"ஆமா."

அவர் வண்டியைக் கிளப்பும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. தம்பி இன்னும் அறை வாசலை விட்டு நகரவில்லை.

"மத்த சாவியெல்லாம் ஏன்க்கா திரும்ப அவர் பையிலயே போட்ட?"

"தேடுவாரு."

தம்பி சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து வந்து, அறைக் கதவு காற்றில் மூடிக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்தான்.