வெள்ளைப் புள்ளிகள்

மதிய மணி அடித்ததும் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக, அவள் மட்டும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் குட்டைக்கு நடந்தாள். குட்டை என்பது மரியாதைக்குச் சொல்வது. மருந்துத் தொழிற்சாலையின் குளிர்சாதன இயந்திரங்கள் கழித்துவிடும் தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கி, சுற்றிலும் கோரை மண்டிப்போன இடம், அவ்வளவுதான். மருந்துப் பெட்டிகளின் லேபிள்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்ப்பது அவள் வேலை. முந்தின வாரம் ஒரு லேபிள் நூலளவு பிசகியிருந்ததற்காக முந்நூறு பெட்டிகளைத் திருப்பி அனுப்பினாள். பேக்கிங் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பூதக்கண்ணாடிதான் பத்து நாளைக்கு முன் கோரைக்குள் பெருங்குருகைக் கண்டது. பழுப்பு உடம்பு, கழுத்தில் நீளவாக்கில் கோடுகள், கோரையோடு கோரையாக அசையாத நிலை. பறவை பார்க்கிறவர்கள் ஆயுசு முழுக்க அலைந்தாலும் கண்ணில் படாத பறவை. படமெடுத்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மறுநாளே காமிராவும் கையுமாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். பத்திரிகையில் அவள் பெயர் வந்தது. அவள் கணவர் பத்துப் பிரதி வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார். வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று குட்டையை மூட மண் லாரிக்குச் சொல்லிவைத்திருந்த மேலாளர், வாயெல்லாம் பல்லாக அவளோடு நின்று படமெடுத்துக்கொண்டு, லாரியை இப்போதைக்கு நிறுத்திவைத்தார். பறவைச் சங்கம் முறைப்படி பதிவு செய்துவிட்டால் குட்டையை யாரும் தொட முடியாதாம். அதற்கான தாளோடு சங்கச் செயலாளர் இன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அவள் இரண்டாவது வாய் வைப்பதற்குள் பெருங்குருகு கோரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதே நேரம் மரத்திலிருந்து ஒரு வக்கா இறங்கியது. கருப்பு முதுகு, சிவந்த கண்; ஊரில் எந்தச் சாக்கடையோரத்திலும் பார்க்கக்கூடிய பறவைதான். அதைக் கண்டதும் பெருங்குருகு இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிப்போய் அதன் அலகைக் கவ்வி இழுத்தது. வக்கா, குஞ்சுக்கு ஊட்டுவதுபோல, தொண்டையிலிருந்து மீனைக் கக்கிக் கொடுத்தது.

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தாள். மீனை வாங்கித் தின்றதன் இறக்கை முழுக்க, உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். பெருங்குருகுக்கு வெள்ளைப் புள்ளி கிடையாது. பத்து நாளாக அது ஒருமுறைகூடப் பறந்து அவள் பார்த்ததில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ரொம்பக் கூச்ச சுபாவம் என்று விளக்கம் வேறு சொல்லியிருந்தாள். செல்போனில் தன் படத்தைப் பெரிதாக்கினாள். அதிலும் புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

செயலாளர் வேலியோரமாக வந்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"சார், இது பெருங்குருகு இல்ல. வக்காக் குஞ்சு. எறக்கையப் பாருங்க, புள்ளி."

அவர் பறவைப் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியும் மேடம். மூணாம் நாளே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே மண்ணக் கொட்டியிருப்பாங்க. காமிரா தூக்கிட்டு வந்தவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். யாரு வாயத் தொறந்தா? மொதல்ல பாத்தவங்க நீங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும், குட்டை பொழச்சிடும்."

தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பொய், அதுவும் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். குட்டைக்கு வரும் மீன்கொத்திக்கும் கொக்குக்கும் இடம் மிஞ்சும். பத்திரிகையில் வந்த பெயரும் மிஞ்சும். அந்தப் பெயர் மிஞ்ச வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. பேனாவைத் திறந்தாள். பறவையின் பெயர் என்ற கட்டத்தில் 'பெ' என்று எழுத வந்த கை அப்படியே நின்றது. பிறகு வேகமாக, வக்கா, குஞ்சு, ஒன்று என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டாள்.

செயலாளரின் முகம் தொங்கிப்போயிற்று. "கெடுத்தீங்களே மேடம். இத நான் குடுத்தா நாளைக்கே மண் லாரி இங்க வந்து நிக்கும்."

"மத்த பறவையெல்லாம் வேற எடம் பாத்துப் போயிடும் சார். இதுக்குத்தான் பறக்கத் தெரியல. இன்னும் எத்தன நாளாகும்?"

"பதினஞ்சு நாள். முன்னப் பின்ன ஆகும்."

கடைசிக் கட்டம் தேதி. பதினெட்டு வருஷ வேலையில் தேதி போடாத ஒரு தாள்கூட அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. பேனாவை மூடினாள்.

"இது பறந்ததும் தேதிய நீங்களே போட்டுக் குடுங்க."

அவர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு தாளை மடிக்காமல் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

உள்ளே மணி அடித்தது. இரண்டு பேரும் நகரவில்லை. குஞ்சு ஒரு கோரைத் தாளின் மேல் ஏறி நின்று, இறக்கையை விரித்துப் படபடவென்று அடித்துப் பார்த்தது. தாள் வளைய, குஞ்சு தொப்பென்று சேற்றில் விழுந்தது. எழுந்து உடம்பை உதறிவிட்டு, அதைவிட உயரமான இன்னொரு தாளைத் தேடி நடக்க ஆரம்பித்தது.